லென்ஸ் வளையத்தில் எழுதியிருக்கும் எண்: சின்ன கேமராவில் குவியத் தொலைவைப் பழகுவது எப்படி?

இந்த ஜனவரியில் அக்கா மகள் பீரோவில் கிடந்த என் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கல்லூரியில் வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போகிறார்களாம். "மாமா, இதுல 40 எக்ஸ்னு போட்டிருக்கே, அப்படின்னா பறவை 40 மடங்கு கிட்ட வந்துடுமா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் இல்லை என்பது பிடிபட்டுவிட்டால், கேமரா வாங்கும்போதும் சரி, எடுக்கும்போதும் சரி, பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா, ஓர் அளவு டேப், ஒரு துண்டு சாக்பீஸ், அரை மணி நேரம். இவ்வளவு போதும்.

முதல் படி: வளையத்தைப் படியுங்கள்

கேமராவை நிறுத்திவிட்டு லென்சைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். என்னுடையது கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740. அதில் 4.3-172.0 மி.மீ. என்றும், 1:3.3-6.9 என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. முதலாவது குவியத் தொலைவு. கேமராக்காரர்கள் ஃபோக்கல் லெங்த் என்பார்கள். இரண்டாவது, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது. அதற்குப் பிறகு வருவோம்.

172-ஐ 4.3-ஆல் வகுத்தால் 40. அவள் கேட்ட 40 எக்ஸ் இதுதான். இந்த லென்சின் மிகக் குறைந்த குவியத் தொலைவுக்கும் மிக அதிகமானதற்கும் உள்ள விகிதம், அவ்வளவே. கண்ணுக்குத் தெரிவதைவிட 40 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. 24-ல் தொடங்கி 240-ல் முடியும் கேமராவும் 10 எக்ஸ்தான், 35-ல் தொடங்கி 350-ல் முடிவதும் 10 எக்ஸ்தான். முன்னது வீட்டுக்குள் எடுக்க நல்லது, பின்னது தூரத்தில் இருப்பதைப் பிடிக்க நல்லது. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான் பெரிதாக அச்சிட்டிருக்கும். அதனால்தான் எக்ஸ் எண்ணை நம்பி கேமரா வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: அந்த மில்லிமீட்டர் எதை அளக்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குவிலென்சை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் நிற்கும் மரத்தின் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளைத் திரையை முன்னும் பின்னும் நகர்த்துவோம். ஓர் இடத்தில் மரம் தலைகீழாக, இலை இலையாகத் தெளிவாக விழும். லென்சுக்கும் திரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவோம். தொலைபொருள் முறை. அந்த அளவுதான் குவியத் தொலைவு. கேமராவுக்குள் நடப்பதும் அதேதான். திரை இருந்த இடத்தில் சென்சார் இருக்கிறது, ஸ்டாண்டில் இருந்த ஒற்றை லென்சுக்குப் பதில் பல கண்ணாடிகள் சேர்ந்து ஒரே லென்சாக வேலை செய்கின்றன. ஜூம் பொத்தானை நகர்த்தும்போது அந்தக் கண்ணாடிகள் இடம் மாறி, குவியத் தொலைவு கூடுகிறது, குறைகிறது.

அந்தச் செய்முறையில் மார்க்குக்கு எழுதாத ஒரு விஷயம் உண்டு. 10 செ.மீ. லென்சை எடுத்துவிட்டு 20 செ.மீ. லென்சை வைத்தால், திரையில் மரத்தின் உருவம் இரண்டு மடங்காகிவிடும். 50 மீட்டர் தள்ளி நிற்கும் 10 மீட்டர் தென்னை, 10 செ.மீ. லென்சில் 2 செ.மீ. உயரமாக விழும். 20 செ.மீ. லென்சில் 4 செ.மீ. குவியத் தொலைவு எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு உருவமும் பெரிதாகும். ஜூம் என்பதன் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

இப்போது என் கேமராவின் 4.3 மி.மீ.க்கு வாருங்கள். அதே தென்னை அதன் சென்சாரில் 0.86 மி.மீ. உயரம்தான் இருக்கும். எறும்புகூட அதைவிடப் பெரிது. ஆனால் சென்சாரின் மொத்த உயரமே சுமார் 4.6 மி.மீ. என்பதால், படத்தில் தென்னை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உயரத்தை எடுத்துக்கொள்கிறது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்றில் 24 மி.மீ. லென்சைப் போட்டால் அதே தென்னை 4.8 மி.மீ. விழும். ஃபிலிம் கட்டத்தின் உயரம் 24 மி.மீ. அங்கேயும் ஐந்தில் ஒரு பங்குதான். லென்ஸ் வேறு, திரை வேறு, கையில் கிடைக்கும் படம் ஒன்று.

மூன்றாம் படி: உங்கள் கேமராவின் பெருக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

சென்சார் ஒவ்வொரு கேமராவிலும் ஒவ்வோர் அளவு. அதனால் 4.3 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அது அகலமாகக் காட்டுமா குறுக்கிக் காட்டுமா என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒப்பிட்டுப் பேச ஒரு பொது அளவு வேண்டும் அல்லவா? அதற்காக 35 மி.மீ. ஃபிலிமை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்ற பொறியாளர், சினிமாவுக்கு ஓடிக்கொண்டிருந்த 35 மி.மீ. ஃபிலிமையே கையடக்கக் கேமராவில் போட்டு, இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து 36க்கு 24 மி.மீ. கட்டமாக்கினார். அந்தக் கேமரா 1925-ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் உலகம் முழுக்க அந்தக் கட்டமே வழக்கமாகிவிட்டது. அதனால்தான் ஃபிலிமே இல்லாத கேமராவின் கையேட்டிலும் '35 மி.மீ.க்கு இணையானது' என்று ஒரு வரி வருகிறது. 35 என்பது துளைகளையும் சேர்த்து ஃபிலிமின் அகலம், அவ்வளவுதான். இதை 35 மி.மீ. லென்ஸ் என்று எடுத்துக்கொண்டு பலர் குழம்புகிறார்கள்.

என் கேமராவின் கையேட்டில் அந்த வரி 24-960 மி.மீ. என்று இருக்கிறது. 24-ஐ 4.3-ஆல் வகுத்தால் சுமார் 5.6. வளையத்தில் உள்ள எண்ணை 5.6-ஆல் பெருக்கினால் இணை எண் கிடைத்துவிடும். என் கேமராவைப் போல 1/2.3 அங்குல சென்சார் உள்ள எல்லாச் சின்ன கேமராவுக்கும் ஏறக்குறைய இதே 5.6தான். 1 அங்குல சென்சார் என்றால் 2.7. சோனியின் முதல் ஆர்எக்ஸ்100 வளையத்தில் 10.4-37.1 என்று இருக்கும், இணை எண் 28-100. ரிக்கோ ஜிஆர் 3 போல, ஏபிஎஸ்-சி என்ற இன்னும் பெரிய சென்சார் வைத்தது என்றால் 1.5. அதன் 18.3 மி.மீ. லென்ஸ் 28க்கு இணை. கையேடு தொலைந்துபோன பழைய கேமராவை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெருக்கல் கைகொடுக்கும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1 அங்குல சென்சாரை ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2க்கு 8.8 மி.மீ.தான் வரும், எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. பழைய டிவி கேமராவின் கண்ணாடிக் குழாயை அதன் வெளிவிட்டத்தால் குறிப்பிட்ட பழக்கம் சென்சாருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே அங்குலக் கணக்கை வைத்து நீங்களாகப் பெருக்கு எண் கண்டுபிடிக்க முயலாதீர்கள், தப்பாக வரும்.

இங்கிருந்து நான் சொல்லும் எண்கள் எல்லாம் இணை எண்கள்தான்.

நான்காம் படி: சுவரும் சாக்பீசும்

இதுதான் முக்கியமான படி. இதைச் செய்யாமல் மேலே படித்ததெல்லாம் பரீட்சைக்குப் படித்தது மாதிரி ஆகிவிடும்.

மாடியின் கைப்பிடிச் சுவரில் அடிக்கு ஒரு கோடாகப் பதினைந்து அடிக்கு அவளைச் சாக்பீசால் கோடு போடச் சொன்னேன். சுவரிலிருந்து நேராகப் பத்து அடி அளந்து, அந்த இடத்தில் லென்ஸ் இருக்கும்படி நிற்கச் சொன்னேன். படத்தின் வடிவம் 4:3-ல் இருக்கட்டும், பல சின்ன கேமராக்களின் சென்சாருக்கு அதுதான் முழு வடிவம். கேமராவைப் போட்டதும் லென்ஸ் அகலமான முனையில்தான் திறக்கும். "எத்தனை கோடு தெரியுது?" "பதினாலு, பதினஞ்சாவது பாதி தெரியுது மாமா." சரி, இப்போது ஜூம் நெம்புகோலைத் தொட்டுத் தொட்டு நகர்த்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை சரியாகப் பத்து அடி நிரம்பும்போது நிறுத்து என்றேன்.

நிறுத்திய இடம் 35.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 35-ல் நீங்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறீர்களோ, அவ்வளவு அகலம் படத்தில் விழும். பத்து அடியில் நின்றால் பத்து அடி. நூறு மீட்டரில் நின்றால் நூறு மீட்டர். மற்ற எல்லா எண்ணும் இதிலிருந்து வந்துவிடும். 70 என்றால் இரண்டு மடங்கு, அகலம் பாதி. 350 என்றால் பத்து மடங்கு, அகலம் பத்தில் ஒன்று. இப்படித் தூரத்தை 35-ஆல் பெருக்கி, குவியத் தொலைவால் வகுத்தால் அகலம் வந்துவிடும்.

அவள் அங்கேயே நின்றபடி ஏழு கோடு தெரியும்வரை போனாள், அது 50. ஐந்து கோடு, 70. மூன்றரைக் கோடு, 100. ஒரே ஓர் அடி திரையை நிரப்பியபோது 350, சுவரின் பூச்சில் இருந்த விரிசல் கயிறு மாதிரி தடிமனாகத் தெரிந்தது. பத்து அடியில் நின்று எத்தனை அடி தெரிகிறதோ, அந்த எண்ணால் 350-ஐ வகுத்தால் குவியத் தொலைவு கிடைக்கும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது லென்சின் பார்வை கொஞ்சம் மாறும் என்பதால் ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கலாம், கவலை வேண்டாம். ஆனால் 35, 50, 100 மூன்றுக்கும் திரையில் தெரியும் ஜூம் கோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல சின்ன கேமராக்கள் திரையில் மில்லிமீட்டரைக் காட்டுவதே இல்லை. உங்கள் மெனுவில் ஸ்டெப் ஜூம் என்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், 24, 28, 35, 50 என்று படிப்படியாக நிற்கும், இந்த வேலை மிச்சம்.

ஐந்தாம் படி: கணக்கை வெளியில் எடுத்துப் போங்கள்

வீட்டு ஹாலில் குடும்பப் படம். எட்டுப் பேர் தோளோடு தோள் நின்றால் ஏறக்குறைய 12 அடி. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் உங்களுக்கும் அவர்களுக்கும் 9 அடிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28-ல் தொடங்கும் கேமரா 11 அடி சொச்சம்தான் பார்க்கும், யாராவது ஒருவர் பாதி வெட்டுப்படுவார். 24-ல் தொடங்குவது 13 அடி பார்க்கும், எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். 24க்கும் 28க்கும் நாலு எண்தானே என்று தோன்றும். வீட்டுக்குள் அந்த நாலு எண்ணுக்காகச் சண்டை போடலாம். இன்னொன்று, இவ்வளவு அகலத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் நடுவில் நிறுத்துங்கள்.

பள்ளி ஆண்டுவிழா. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நாற்காலி. உங்கள் பிள்ளையும் பக்கத்தில் ஆடும் ஒருவரும், அதாவது 3 மீட்டர் அகலம் வேண்டும். 20-ஐ 35-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 230 சொச்சம். 70-ல் முடியும் கேமராவில் 10 மீட்டர் அகலம் விழும், மேடை முழுக்கத் தெரியும், பிள்ளை எங்கே என்று தேட வேண்டும்.

வேடந்தாங்கல். கரையிலிருந்து பறவை இருக்கும் மரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என் கேமராவின் 960-ல் தெரியும் அகலம் 3.6 மீட்டர். மஞ்சள் மூக்கு நாரை மூன்றடி உயரம் நிற்கும். கேமராவை நிமிர்த்திப் பிடிக்காமலேயே படத்தில் நன்றாகத் தெரியும் அளவு அது. 100-ல் முடியும் கேமரா என்றால் 35 மீட்டர் அகலம் விழும், மரம் தெரியும், நாரை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஃபோனைக் கேட்கவே வேண்டாம். இன்றைய பல ஃபோன்களின் முதன்மைக் கேமரா 24-லிருந்து 26 வரைதான்.

நிலா அரை டிகிரி அகலம். 960-ல் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். 24-ல் எடுத்தால் மிளகைவிடச் சின்னதாய் விழுந்து ஏமாற்றுவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

கோபுரத்தை அடிவாரத்தில் நின்று 24-ல் அண்ணாந்து எடுத்தால் மேலே குறுகிப் பின்னால் சாய்ந்து நிற்கும். வீதியில் பின்னால் போய், கேமராவைச் சமமாகப் பிடித்து, 35-லோ 50-லோ எடுங்கள். நிமிர்ந்து நிற்கும்.

ஆறாம் படி: முகம் எடுக்கும்போது காலைத்தான் நகர்த்த வேண்டும்

மாடிக்கு அம்மாவும் வந்திருந்தார். பேத்தி கேமராவை அகலமான முனையிலேயே வைத்துக்கொண்டு, முகம் பெரிதாக வரட்டும் என்று ஒன்றரை அடிக்குக் கிட்டத்தில் போய் ஒரு படம் எடுத்தாள். பாட்டி திரையைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லடி" என்றார். மூக்குத்தி முன்னால் துருத்திக்கொண்டு வந்திருந்தது. காதுத் தோடு கன்னத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அப்புறம் ஐந்து அடி தூரத்துக்குப் பின்னால் போகச் சொல்லி, 85க்கு நகர்த்தி, முகம் அதே அளவு வரும்படி எடுக்கச் சொன்னேன். மூக்குத்தியும் தோடும் அதனதன் இடத்தில் இருந்தன. பாட்டி பாட்டியாக இருந்தார்.

ஏன் இப்படி? மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி. லென்ஸ் மூக்கிலிருந்து 45 செ.மீ.யில் இருந்தால் காது 57 செ.மீ.யில் இருக்கிறது. காதோடு ஒப்பிட்டால் மூக்கு கால் பங்குக்கு மேல் ஊதித் தெரியும். ஒன்றரை மீட்டரில் நின்றால் அந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். கவனியுங்கள், இதில் லென்ஸ் எங்கும் வரவில்லை, தூரம் மட்டும்தான் வருகிறது. 'அகல லென்ஸ் முகத்தைக் கெடுக்கும்' என்பார்கள். கெடுப்பது நாம் கிட்டத்தில் போவது. சந்தேகம் இருந்தால் ஐந்து அடியில் நின்று 24-ல் ஒரு படம் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள். தெளிவு குறைந்திருக்கும், ஆனால் முக அமைப்பு 85-ல் எடுத்தது மாதிரியே இருக்கும். எனவே முதலில் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அப்புறம் ஜூமைத் தொடுங்கள். சோபாவில் உட்கார்ந்தபடி ஜூமை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் படம் எடுக்க வராது.

ஏழாம் படி: டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் நிறுத்துங்கள்

இதை உடனே செய்யுங்கள். என் முதல் சின்ன கேமராவைக் கொடுத்த கடைக்காரர், "இன்னும் உள்ளே போகும் சார், அழுத்திக்கிட்டே இருங்க" என்று காட்டினார். நானும் சித்தி பையன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், மணப்பெண்ணின் கண்ணும் மையும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. நெக்லஸ் ஒரே மஞ்சள் தீற்றல். அந்த நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

டிஜிட்டல் ஜூமில் எந்தக் கண்ணாடியும் நகர்வதில்லை. சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி, பெரிதாக்கிக் காட்டுகிறது கேமரா. 20 மெகாபிக்சலில் 2 எக்ஸ் போனால் மிஞ்சுவது 5 மெகாபிக்சல் விவரம். 4 எக்ஸ் போனால் பதினாறில் ஒரு பங்கு. இந்த வெட்டலை வீட்டில் நிதானமாக நீங்களே செய்துகொள்ளலாம், எடுக்கும்போதே செய்ய அவசியம் இல்லை. சில கேமராக்களில் இதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பெயர் என்னவாக இருந்தாலும், வளையத்தில் எழுதியிருக்கும் குவியத் தொலைவின் பெரிய எண்ணை (என்னுடையதில் 172) தாண்டிப் போகும் எதுவும் வெட்டல்தான்.

எட்டாம் படி: நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும்

வளையத்தில் இருந்த 1:3.3-6.9-க்கு இப்போது வரலாம். அகலமான முனையில் எஃப் 3.3, முழு ஜூமில் எஃப் 6.9. எஃப் எண் இரண்டு மடங்கானால் சென்சாருக்கு வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். இங்கே இரண்டு மடங்குக்கும் சற்று மேல். அதாவது நாலு விளக்கு எரிந்த மண்டபத்தில் மூன்றை அணைத்தது மாதிரி.

வெளிச்சம் குறைவது போதாது என்று நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். கையில் பிடித்து எடுக்கும்போது, ஷட்டர் நேரம், அதாவது சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம், குவியத் தொலைவின் தலைகீழ் எண்ணைவிட நீளமாக இருக்கக் கூடாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 24-ல் நொடியில் 24-ல் ஒரு பங்கு போதும், 960-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். இணை எண்ணைத்தான் போட வேண்டும், வளையத்தில் உள்ள 172-ஐ அல்ல. நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருப்பதால் 125-ல் ஒரு பங்குக்கும் இறங்கிப் பார்க்கலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், மேடையில் பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாது. மண்டபத்துக்குள் முழு ஜூமில் வரும் மங்கல் படங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அங்கே ஜூமைக் குறைத்து, நாலு வரிசை முன்னால் போய் எடுப்பதுதான் நல்லது.

வெளியில் என்றால் கைப்பிடிச் சுவர், மரக்கிளை, கூட வந்தவரின் தோள், எது கிடைத்தாலும் கேமராவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டுவிட்டு, இரண்டு நொடி டைமரைப் போட்டு எடுங்கள், பொத்தானை அழுத்தும் அசைவுகூடப் போய்விடும். இன்னொரு எதிரி வெயில். தரையும் தண்ணீரும் சூடேறியதும் காற்று நெளிய ஆரம்பிக்கும், கானல் தெரிகிறதே அதுதான். 960-ல் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும். இதற்கு எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையிலேயே போய்விடுங்கள்.

பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தீர்மானிப்பதில் இணை எண்ணைவிட, வளையத்தில் இருக்கும் உண்மையான மில்லிமீட்டருக்குத்தான் பங்கு அதிகம். 4.3-ஐ 3.3-ஆல் வகுத்தால், வெளிச்சம் நுழையும் வாசல் 1.3 மி.மீ.தான். அவ்வளவு சிறிய வாசலில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் தெளிவாகவே விழும். 172-ஐ 6.9-ஆல் வகுத்தால் 25 மி.மீ. ஆகவே ஜூமை நீட்டி, ஆளைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினால் இந்தச் சின்ன கேமராவிலும் பின்னணி கரையும். பூ, பூச்சி எடுக்க வேண்டுமானால் நேர்மாறு. அகலமான முனைக்கு வந்து, லென்ஸ் கிட்டத்தட்டத் தொடும் அளவு நெருங்கிப் போகலாம். ஜூமை நீட்டிக்கொண்டு நெருங்கினால் ஃபோகஸ் பிடிக்காது.

வீடியோவில் படம் இன்னும் குறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 16:9க்காக மேலும் கீழும் வெட்டுவார்கள், நடுக்கத்தைச் சரிசெய்ய ஓரங்களையும் வெட்டுவார்கள். ஹாலில் படத்துக்குள் அடங்கிய எட்டுப் பேர் வீடியோவில் அடங்காமல் போகலாம்.

ஒன்பதாம் படி: நீங்கள் எடுத்ததையே கேளுங்கள்

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்தக் குவியத் தொலைவில் எடுக்கப்பட்டது என்று கேமரா எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், அதில் டீட்டெயில்ஸ் என்று போனால் ஃபோக்கல் லெங்த் என்ற வரி தெரியும். அங்கே பெரும்பாலும் 4.3, 25.8 என்று உண்மையான எண்தான் இருக்கும், உங்கள் பெருக்கு எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். கேமரா வாங்கும் முன் இப்போது கையில் இருப்பதில் எடுத்த இருநூறு படங்களை இப்படிப் பாருங்கள். பெரும்பாலும் 24க்கும் 70க்கும் நடுவிலேயே இருக்கிறீர்கள் என்றால், 1 அங்குல சென்சாரும் பிரகாசமான லென்சும் உள்ள குறைந்த ஜூம் கேமராதான் உங்களுக்கு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் மூன்றாவது 24-70, எஃப் 1.8-2.8. மாலை வெளிச்சத்தில் அதன் படம் என் 40 எக்ஸ் கேமராவைவிட எவ்வளவோ மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 300க்கு மேல் அடிக்கடி போகிறீர்கள், பறவை பார்க்கிறீர்கள் என்றால் சின்ன சென்சார், நீள ஜூம். சட்டைப்பையில் அடங்கும் கேமராவில் பெரிய சென்சாரையும் 960-ஐயும் சேர்த்து வைக்க இடம் இல்லை. 1 அங்குல சென்சாரில் 960 வேண்டுமானால் லென்ஸ் உண்மையில் 355 மி.மீ. இருக்க வேண்டும்.

வேடந்தாங்கல் போய்வந்ததும் அவள் படங்களை இப்படித்தான் உட்கார்ந்து பார்த்தோம். ஏழரை மணிக்கு எடுத்த நாரையின் இறக்கையில் ரோஜா நிறம் இழை இழையாகத் தெரிந்தது. பதினொரு மணிக்கு அதே மரத்தில் எடுத்தது தண்ணீருக்குள் பார்த்த மாதிரி நெளிந்திருந்தது. ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட எல்லாப் படமும் ஒன்று 4.3, இல்லாவிட்டால் 172. நடுவில் ஒன்றுமே இல்லை. நெம்புகோலை அழுத்தினால் முனை வரை போய்த்தான் விரல் நிற்கிறது.

அதனால் ஒரு வாரத்துக்கு ஒரே எண்ணில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து அடியில் நின்று ஏழு கோடு, அதாவது 50. கேமராவைப் போட்டதும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, மீதியை நடந்துபோய் எடுக்க வேண்டும். முதல் நாள் தெருமுனை பூக்காரம்மாவை எடுத்து அனுப்பியிருந்தாள். பூக்கூடையின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: "மாமா, ரெண்டடி பின்னாடி போயிருக்கணும்."